ஒன்றாம் வகுப்பு காத்திருந்த காலம்

மூடிய பள்ளிகள், திறந்த பள்ளிகள்: 6

கொரோனாப் பெருந்தொற்றின்போது மூடப்பட்ட பள்ளிகள் எந்த நாளில் திறந்தன என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒற்றை விடை கிடையாது; பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புக்கு இன்னொரு நாள், ஒன்றாம் வகுப்புக்கு அவற்றுக்கெல்லாம் வெகுவாகப் பிந்திய வேறொரு நாள் என்று கதவுகள் ஒரு வரிசையில் திறந்தன. மூடல் எவ்வாறு நிகழ்ந்தது என்பது சென்ற இதழ்வரை பார்க்கப்பட்டதால், அந்த வரிசையை எது தீர்மானித்தது, திண்டுக்கல் நகரும் அதைச் சுற்றியுள்ள சமவெளியும் போன்ற ஒரு பகுதியில் அது யாரைக் கடைசியில் நிறுத்தியது என்பதை இவ்விதழ் எடுத்துக்கொள்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ‘பள்ளி மாவட்டம்’ என்பது பெரும்பாலும் உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரியத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. தன் பள்ளிகளை எப்போது திறப்பது, எந்த வகுப்பை முதலில் அழைப்பது என்பதை அந்த வாரியமே கூடிப் பேசி முடிவு செய்ய முடிந்தது. தமிழ்நாட்டில் ‘கல்வி மாவட்டம்’ என்பது நிர்வாக வசதிக்காக வருவாய் மாவட்டத்தைப் பகுத்து உண்டாக்கிய பிரிவு. பெருந்தொற்றுக் காலத்தில் திண்டுக்கல் வருவாய் மாவட்டம் திண்டுக்கல், பழனி, வேடசந்தூர், வத்தலக்குண்டு என்று கல்வி மாவட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாவட்டக் கல்வி அலுவலரும், அவர்களுக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலரும், கீழே ஒன்றியங்கள்தோறும் தொடக்கப்பள்ளிகளைப் பார்வையிடும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் இருந்தனர். இவர்களில் எவருக்கும் பள்ளியைத் திறக்கும் அதிகாரமோ திறக்காமலிருக்கும் அதிகாரமோ இல்லை. முடிவு சென்னையில் எடுக்கப்பட்டு, கடற்கரை நகரத்துக்கும் கரிசல் கிராமத்துக்கும் ஒரே ஆணையாக வந்து சேர்ந்தது.

அந்த ஆணைகளின் வரிசை இது. 2020 மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 16 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளைத் திறக்கத் திட்டமிட்டு, நவம்பர் 9 அன்று பள்ளிதோறும் பெற்றோரிடம் கருத்துக் கேட்டபின் அம்முடிவு ஒத்திவைக்கப்பட்டது. பொங்கலுக்குச் சற்று முன்பு மீண்டும் கருத்துக் கேட்டு, 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறக்கப்பட்டன. ஓர் அறையில் 25 பேருக்கு மேல் அமரக் கூடாது என்றும், மாணவர்களுக்கு வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் தர வேண்டும் என்றும் வழிகாட்டு நெறிமுறை கூறியது. வழிகாட்டு நெறிமுறை என்பது நுழைவாயிலில் உடல் வெப்பம் பார்ப்பதிலிருந்து பெஞ்சுக்கு எத்தனை பேர் என்பது வரை எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டிய நடைமுறைகளின் தொகுப்பு. பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகள் வந்தன. மார்ச் 22 முதல் பன்னிரண்டாம் வகுப்பு தவிர மற்றவை மூடப்பட்டன. இரண்டாம் அலை எல்லாவற்றையும் மூடியது. 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மறுபடியும் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு நவம்பர் 1 அன்றுதான் கதவு திறந்தது. அதாவது, பன்னிரண்டாம் வகுப்பு ஏறக்குறைய பத்து மாதத்தில் கரும்பலகையைப் பார்த்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு பத்தொன்பதரை மாதம் காத்திருந்தது.

இவ்வரிசைக்கு அடிப்படை பொதுத்தேர்வு. எந்த வகுப்புக்கு முதன்மையான அரசுத் தேர்வு இருக்கிறதோ அந்த வகுப்பு முதலில், அதற்கு அடுத்த நிலையில் அத்தேர்வுக்குத் தயாராகும் வகுப்பு, தேர்வே இல்லாதவை கடைசியில் என்பதே உள்ளார்ந்த கணக்கு. மதிப்பெண்ணே கல்லூரிக்கும் வேலைக்கும் வழி என்று நம்பும் சமூகத்தில் இக்கணக்கு இயல்பாகவே தோன்றியது, அன்று அதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களும் மிகச் சிலரே. ஆனால் நடந்ததைப் பின்னோக்கிப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. பத்தாம் வகுப்பு திறந்து ஐந்து வாரம் கடந்த நிலையில், 2021 பிப்ரவரி 25 அன்று, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி பெறுவதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஆட்சி மாறியபின், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை ஜூன் 5 அன்று அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ரத்து செய்தார். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டையும் கூட்டி மதிப்பெண் வழங்கப்பட்டது. எந்தத் தேர்வின் பெயரால் சிறு பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டனரோ, அந்தத் தேர்வு அவ்வாண்டு நடக்கவே இல்லை.

அரசின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரு நாளின் புதிய தொற்று 36,000ஐத் தாண்டியது. ஆக்சிஜன் படுக்கைக்காக மருத்துவமனை வாசலில் காத்துக்கிடந்த உறவினர்களை நேரில் கண்ட பெற்றோரிடம் ஆறு வயதுப் பிள்ளையை அனுப்பச் சொல்வது எளிதன்று. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், அது வீட்டுக்குக் கொண்டுவரும் தொற்று ஒரே கூரையின்கீழ் வாழும் தாத்தா பாட்டிக்கு என்ன செய்யும் என்ற அச்சம் கூட்டுக் குடும்பங்களில் உண்மையான அச்சம். முகக்கவசத்தை ஆறு மணி நேரம் கழற்றாமலிருக்க ஒரு சிறு பிள்ளையால் முடியாது என்பதும் உண்மை.

எனினும் அறிவியல் வேறொரு வரிசையையும் காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நாடு தழுவிய நான்காவது குருதி ஆய்வை நடத்தியது. ஒருவரின் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்து, அவர் அறிந்தோ அறியாமலோ தொற்றுக்கு ஆளாகி மீண்டாரா, அல்லது தடுப்பூசியால் எதிர்ப்பாற்றல் பெற்றாரா என்று கணிக்கும் முறை இது. ஆறு முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட, தடுப்பூசியே போடப்படாத குழந்தைகளில் 57.2 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது: பள்ளி மூடியிருந்தபோதே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொற்று தொட்டுச் சென்றிருந்தது. அக்கழகத்தின் அன்றைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, சிறு குழந்தைகள் இத்தொற்றைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள் என்பதால் தொடக்கப்பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவுடைமை என்று, ஆசிரியர்களும் பணியாளர்களும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, அந்த ஜூலையிலேயே கூறினார். டென்மார்க் 2020 ஏப்ரலிலேயே மழலையரையும் கீழ் வகுப்புகளையும்தான் முதலில் அழைத்தது. தமிழ்நாட்டில் வரிசை தலைகீழாகவே தொடர்ந்தது.

திண்டுக்கல் சமவெளியின் நில அமைப்பைப் பார்க்கும்போது இந்தத் தலைகீழ் வரிசை இன்னும் உறுத்துகிறது. தொடக்கப்பள்ளி குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம் சார்ந்த விதி; ரெட்டியார்சத்திரம், சாணார்பட்டி, வடமதுரை, குஜிலியம்பாறை ஒன்றியங்களின் சிற்றூர்களில் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள், அதாவது ஐந்து வகுப்புகளையும் இரண்டே ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள். மொத்தமே முப்பது, நாற்பது பிள்ளைகள் படிக்கும் அத்தகைய பள்ளியில், செப்டம்பர் 2021இன் நெறிமுறை சொன்ன ‘அறைக்கு 20 பேர்’ என்ற வரம்பு பள்ளி திறக்காமலேயே நிறைவேறியிருந்தது. இடம் போதாவிட்டால் வேப்பமரத்து நிழலும் இருந்தது. மேல்நிலைப் பள்ளியின் நிலை இதற்கு நேர்மாறு. ஒரு பிரிவில் நாற்பது, ஐம்பது பேர் படிக்கும் அப்பள்ளிகளுக்கு மாணவர்கள் பல ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்து வந்தார்கள்; திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வண்டி மாறி வந்தவர்களும் உண்டு. கூட்டமும் பயணமுமே தொற்றின் வழி என்றால், சமவெளியின் நடைதூரப் பள்ளிகளே மிகக் குறைந்த ஆபத்துடன் முதலில் திறந்திருக்கக் கூடியவை. உள்ளூரில் முடிவெடுக்க ஒருவர் இருந்திருந்தால் இது ஒரு வட்டாரக் கூட்டத்திலேனும் பேசப்பட்டிருக்கும்.

காத்திருந்த காலத்தில் படிப்பு முற்றிலும் நின்றுவிடவில்லை. 2019 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. பன்னிரண்டாம் வகுப்பினரின் அரசு மடிக்கணினிகளில் காணொளிப் பாடங்கள் ஏற்றித் தரப்பட்டன. சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டன. ஆனால் இவற்றில் பாடம் சார்ந்தவை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கே பயன்பட்டன. கைப்பேசி வழியாகப் படிப்பதும் எளிதாக இல்லை: வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கோ ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கோ வேலைக்குப் போகும் தந்தையின் சட்டைப் பையில் வீட்டின் ஒரே கைப்பேசியும் போய்விடும். அது திரும்புவது இரவில், திரும்பியதும் முதல் உரிமை பத்தாம் வகுப்பு படிக்கும் அக்காவுக்கு. நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும் என்பதால், தாயுடன் தோட்டத்துக்குப் போகும் பிள்ளைக்குக் காலைப் பொழுதும் மிஞ்சவில்லை. பதினான்கு வயதைக் கடந்தவர்கள் ஆலை வேலைக்குப் போய், பள்ளி திறந்தபோது திரும்பாமல் போன வேதனையும் இச்சமவெளிக்கு உண்டு. அது தனியே எழுதப்பட வேண்டிய பொருள்.

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, தூய்மைக் காவலர்கள் புதர் வெட்டிச் சுண்ணாம்புத் தூள் தூவிய வளாகங்களுக்குள் சிறு பிள்ளைகள் நுழைந்தார்கள். அன்று இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை. அது ஒன்றாம் வகுப்பு அறையில் ஒரு நாளும் அமர்ந்ததில்லை. அதற்குப் பென்சில் பிடிக்கும் விரல் அமைப்பைக் கற்றுத்தர வேண்டியிருந்தது, வரிசையில் நிற்கக் கற்றுத்தர வேண்டியிருந்தது, ஆசிரியரை ‘டீச்சர்’ என்று அழைக்கும் கூச்சத்தைப் போக்க வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ இரண்டாம் வகுப்புப் பாடநூல்.

இந்த இடைவெளியைத்தான் ‘கற்றல் இழப்பு’ என்று கல்வியாளர்கள் அழைக்கிறார்கள். புதிதாகக் கற்றிருக்க வேண்டியதைக் கற்காமல் போனதும், கற்றிருந்ததை மறந்ததும் ஆகிய இரண்டும் சேர்ந்தது அது. நான்காம் வகுப்பின் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். 43இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றிலிருந்து ஏழு போகாது என்பதால் பத்தின் இடத்தில் ஒன்றைக் கடன் வாங்கி 26 என்று எழுத வேண்டும். கடன் வாங்குவதன் பொருளைக் கற்காத பிள்ளை, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் கழிக்க முடியும் என்று எண்ணி, ஏழில் மூன்று போக நான்கு, நான்கில் ஒன்று போக மூன்று என்று 34 என எழுதும். இது கவனக் குறைவு அன்று. ‘4’ என்ற இலக்கம் அந்த இடத்தில் நான்கு பத்துகளைக் குறிக்கிறது என்பதைப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து யாரும் அதற்குக் காட்டவில்லை. தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இடமதிப்பு பள்ளியைத் தவிர வேறெங்கும் கிடைப்பதில்லை.

அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. 2019இல் அளந்து வைத்திருந்த அதே ஊர்களில் 2021 டிசம்பரில் மீண்டும் அளந்தபோது, கணக்கில் இழப்பு 0.74 திட்ட விலக்கமாகவும் மொழியில் 0.34 ஆகவும் இருந்தது. திட்ட விலக்கம் என்பது ஒரு குழுவின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு. கல்வி ஆய்வுகளில் 0.2 என்ற மாற்றமே குறிப்பிடத்தக்கதாகக் கருதப்படுவதால், 0.74 என்பது மிகப் பெரிய சரிவு. அதே ஆய்வு நம்பிக்கைக்குரிய ஒன்றையும் கண்டது: பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் வந்தது.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணிக்குமேல் குடியிருப்பிலேயே பாடம் சொல்லித்தரும் அத்திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்ட 12 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்பது அன்றைய ஏற்பாடாக இருந்தது. தேசியக் கல்விக் கொள்கையின் சாயல் இதில் இருக்கிறது என்றும், ஆசிரியர் செய்ய வேண்டிய பணியைத் தன்னார்வலரிடம் விடலாமா என்றும் எழுந்த ஐயங்கள் பொருட்படுத்தத்தக்கவை. ஆனாலும், பட்டமோ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டு வீட்டோடு இருந்த ஓர் இளம்பெண் கோயில் திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ பாய் விரித்து, பெயர் சொல்லி அழைத்து வந்த தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தந்ததை எந்த ஐயமும் சிறிதாக்கிவிட முடியாது. ஒரே ஆணையால் மூடப்பட்டதை ஊர் தன் கையால் திறந்தது அங்கேதான்.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையால் பள்ளிகள் மீண்டும் மூடி, பிப்ரவரி 1 அன்று எல்லா வகுப்புகளுக்கும் ஒருசேரத் திறந்தன. தேர்வு வரிசை அன்றுதான் முதன்முறையாகக் கைவிடப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு அல்லாமல் எட்டியிருந்த நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பித்தது. 2020இல் சேர்ந்தவர்கள் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்ததால் அதற்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஓராண்டு மூத்தவர்கள், ஒன்றாம் வகுப்பின் இறுதியில் வெளியேறி மூன்றாம் வகுப்பில் திரும்பியவர்கள், நான்காம் வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்கள். 2023இல் திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு விரிந்தபோது அவர்கள் ஐந்தில் இருந்தார்கள், தொடக்கப்பள்ளியில் அவர்களுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆண்டு. அவர்கள் 2029இலும், ஒன்றாம் வகுப்பையே காணாத அடுத்த அணியினர் 2030இலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத வேண்டும்.