அவசர வேளையில் பேச ஒரு தொலைபேசி

1990களில் வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருட்களில் ரோச் லைற் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி, அந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட மக்கள் நாம். 2002 ஆம் ஆண்டில் அந்தத் தடை தளர்ந்தது. இன்று குடிசையிலும் கையடக்கத் தொலைபேசி இருக்கின்றது. ஆனால் பற்றரியின் அருமையை எம்மில் பலர் மறந்துவிட்டோம்.

அதை எமக்கு நினைவூட்டுவது வெள்ளம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. இத்தகைய இரவில் எமக்கு உதவுவது சார்ஜ் மிஞ்சியிருக்கும் தொலைபேசியே. அதன் விலை எவ்வளவு என்பது அப்போது பொருட்டல்ல.

எதை வாங்குவது?

பேசுவதற்கும் குறுந்தகவலுக்கும் பொத்தான் தொலைபேசி போதும். அதன் பற்றரி ஏறத்தாழ 1000 மில்லி அம்பியர் மணி கொள்ளளவே உடையது; எனினும் திரை சிறிது என்பதால் சில நாட்கள் தாங்கும். தொடுதிரைத் தொலைபேசியில் 5000 இருந்தாலும், பெரிய திரையும் இணையமும் அதை ஒன்றிரண்டு நாளில் தீர்த்துவிடும். பிள்ளைகளின் படிப்புக்கும், வெளிநாட்டு உறவினரை முகம் பார்த்துப் பேசவும் தொடுதிரை தேவைப்படுமாயின், அவசரத்துக்கென ஒரு பொத்தான் தொலைபேசியையும் வீட்டில் வைத்திருப்பது நல்லது.

தவணைக்கு எடுப்பதற்கு முன் எல்லாத் தவணைகளையும் கூட்டி, கைக்காசு விலையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அறுவடை பிழைத்தாலும் தவணை நிற்காது. நுண்கடனால் எமது பெண்கள் பட்ட துன்பம் நாம் அறியாததல்ல.

கடையில் நட்சத்திரம், சதுரக்குறி, 06, மீண்டும் சதுரக்குறி (*#06#) என அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் தோன்றும். ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 1909 க்குக் குறுந்தகவலாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அது பதியப்பட்டதா என்று அறியலாம். உங்கள் காணியில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்பதை அயலவரிடம் கேட்டுச் சிம் வாங்குங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் தொலைபேசி கோபுரத்தைத் தேடித் தேடிக் கூடுதல் மின்சாரத்தைச் செலவிடும்.

பற்றரியைப் பேணுவது எப்படி?

“முதல் நாள் எட்டு மணித்தியாலம் சார்ஜ் போட வேண்டும், முழுவதும் இறங்கிய பின்பே மறுபடி போட வேண்டும்” என்று இன்றும் சொல்வார்கள். இது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிகளுக்குரிய பேச்சு. 1991 முதல் சந்தைக்கு வந்த லித்தியம் அயன் பற்றரிக்கு இது பொருந்தாது. முற்றாக இறங்குவது அதற்குக் கேடு. 20 வீதத்துக்குக் கீழே போகாமலும், நாளாந்தம் 80 வீதமளவில் நிறுத்தியும் வந்தால் நெடுநாள் உழைக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் முழுதாக ஏற்றி வையுங்கள்.

பற்றரியின் பெரிய எதிரி வெப்பம். தகரக் கூரையின் கீழ், உழவு இயந்திரத்தின் முன்தட்டில், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சூரியத் தகடு வெயிலில் இருக்கட்டும். தொலைபேசி நிழலில் இருக்க வேண்டும்.

உழவு இயந்திர பற்றரி 12 வோல்ற். தொலைபேசியின் சாதாரண சார்ஜர் தருவது 5 வோல்ற். வெறும் வயர்களைத் தொடுப்பது ஆபத்து. வாகனத்துக்கென விற்கப்படும் சார்ஜரையே பயன்படுத்துங்கள்.

பற்றரி வீங்கினால் உடனே பாவனையை நிறுத்துங்கள். அதைக் குத்தவோ, அமத்தவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது, தீப்பற்றி வெடிக்கும். பிள்ளைகள் விளையாட எடுக்காதபடி பாருங்கள். 2007 இல் நொக்கியா நிறுவனமே தனது பி.எல். 5சி பற்றரிகளில் 4 கோடி 60 இலட்சம் சார்ஜ் ஏறும்போது அளவுமீறிச் சூடாகலாம் என அறிவித்து, மாற்றித்தர முன்வந்தது. பெயர்பெற்ற பொருளிலேயே இப்படியென்றால், மலிவுப் போலிகளை நம்புவது எப்படி?

தண்ணீரில் விழுந்தால் உடனே நிறுத்தி, கழற்றக்கூடியதாயின் பற்றரியைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் நன்கு உலரவிடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். அரிசிக்குள் புதைப்பதால் தூசும் மாவும் உட்புகும்.

மழைக்கு முன்

நோயாளருக்கு 1990 அம்புலன்ஸ் சேவை, அனர்த்த வேளையில் 117, பயிர்நோய்க்கு விவசாயத் திணைக்களத்தின் 1920: இவற்றையும் கிராம அலுவலர், உறவினர் ஆகியோரின் இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் இட்டு வையுங்கள். தொலைபேசி அணைந்தால் அதற்குள் உள்ள இலக்கங்களும் கைக்கு எட்டாது. அயலவரின் தொலைபேசி கிடைத்தாலும் யாரை அழைப்பது?

பசித்தாலும் விதைநெல்லில் கைவைக்காதவர் எமது விவசாயிகள். மாரி காலத்தில் பற்றரியின் கடைசிக் காற்பங்கையும் அவ்வாறே எண்ணி வைத்திருப்போம். பாட்டுக்கும் படத்துக்கும் அது வேண்டாம். ஓர் உயிரைக் காக்கும் அழைப்புக்கு இருக்கட்டும்.