வேலைக்கு உரிமை, கூலிக்கு யார் பொறுப்பு?

தோழர்களே, மூல வைகைக் கரையில் இருக்கும் இந்த மயிலாடும்பாறையில் வேலையைப் பற்றிப் பேசினால் நிலத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இலவ மரமும் முருங்கைத் தோட்டமும் ஒருவர் பெயரில் இருக்கின்றன. காய் பொறுக்குகிறவரும் களை எடுக்கிறவரும் நம் தெருக்காரர்கள். தோட்டக்காரர் வாசலில் நிற்காமலும் ஒரு நாள் கூலி உண்டு என்ற நிலையை நம் பெண்களுக்கு முதலில் கொடுத்தது நூறு நாள் வேலைதான். "மரத்தடியில உக்காந்துட்டு வர்றாங்க, ஆளே கிடைக்கல" என்ற புலம்பலின் பொருள், பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான்.

அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு வேலைக்கான உரிமையைச் சொல்கிறது. ஆனால் அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறது. பணம் எங்கே என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது. மகாராஷ்டிரா அதற்கு ஒரு விடை கண்டது. 1975இல் தொழில் வரி போட்டு, மாதச் சம்பளக்காரர்களிடம் வாங்கிய அந்தப் பணத்தோடு அரசும் தன் பங்கைச் சேர்த்து, கிராமத்தில் வேலை கேட்டவர்களுக்குக் கூலி கொடுத்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. உடலுழைப்புக் கூலி முழுவதும் ஒன்றிய அரசின் பொறுப்பு. பொருட்செலவில் கால் பங்கும், 15 நாளில் வேலை தராவிட்டால் கொடுக்க வேண்டிய படியும் மாநிலத்தின் பொறுப்பு.

பொறுப்பு எழுத்தில் இருந்தது. பணம் நேரத்துக்கு வரவில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலிப் பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொன்னது. அதற்கு முன் 2021இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர்கள் என்று கூலியை மூன்றாகப் பிரித்து அனுப்பினார்கள். ஒரே வாய்க்காலில் மண் அள்ளியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி! சாதியை வங்கிக் கணக்கு வரைக்கும் கொண்டுபோன அந்த ஏற்பாட்டை அந்த ஆண்டு முடிவதற்குள் கைவிட்டார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜி ராம் ஜி சட்டம் 125 நாள் என்கிறது. நாள் கூடியிருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் செலவில் 40 விழுக்காடு இனி மாநிலத்தின் தலையில். ஒன்றிய அரசு ஒதுக்கும் தொகையைத் தாண்டினால் மீதி முழுவதும் மாநிலத்துக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2025-26இல் நாள் கூலி 336 ரூபாய். 125 நாளுக்கு 42,000. அதில் மாநிலப் பங்கு 16,800. தொழில் வரியின் உச்ச வரம்பு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசியலமைப்பே கட்டிவைத்திருக்கிறது. ஆக, ஒரு குடும்பத்தின் கூலியில் மாநிலப் பங்கைக் கொடுக்கவே ஏறத்தாழ ஏழு பேரின் முழுத் தொழில் வரி வேண்டும். வருமான வரியையும் கம்பெனி வரியையும் போடும் அதிகாரம் தில்லியிடம் இருக்கிறது. கூலிப் பொறுப்பும் அங்கேதான் இருக்க வேண்டும் என்கிறோம்.

பணமில்லாத மாநிலம் வேலையில்லை என்று நேராகச் சொல்லாது. மனு வாங்க ஆளில்லை, வேலைத்தளம் தயாராகவில்லை என்றுதான் சொல்லும்.

இன்னொன்றும் இருக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் இந்த வேலையை நிறுத்திவைக்கலாமாம். தோட்டத்தில் ஆள் தேவைப்பட்டு, கூலி உயர்த்திக் கேட்க முடிகிற நாட்கள் அவைதான். அந்தத் தேதிகளை மாநில அரசு அறிவிக்க வேண்டும். யாரைக் கேட்டு அறிவிப்பார்கள், அந்த மேசையில் நிலமில்லாதவர் ஒருவராவது உட்கார்ந்திருப்பாரா என்று அடுத்த கிராம சபையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கப் போகிறோம்.