எழுதப்படாத ஒரு வாக்கியம்

செய்தியை எழுதிச் சரிபார்த்துப் படிப்பதற்கும் எழுதாமலே பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை, 2003 மே 29 அன்று பிபிசி வானொலியின் 'டுடே' நிகழ்ச்சியில் இரு வடிவங்களில் வெளியான குற்றச்சாட்டு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. ஈராக் தன் பேரழிவு ஆயுதங்களை 45 நிமிடங்களில் பயன்படுத்த முடியும் என்று 2002 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஆவணம் கூறியிருந்தது. செய்தியாளர் ஆண்ட்ரூ கில்லிகன், காலை 6.07 மணிக்கு வீட்டிலிருந்தபடியே, செய்திப் பிரதி, அதாவது ஒலிபரப்புக்கென எழுதிய உரை, ஏதுமின்றி நேரலையில் பேசுகையில், அந்தக் கணக்கு தவறென்பது அரசுக்கு அநேகமாக முன்பே தெரியும் எனத் தகவலாளர் கூறியதாகச் சொன்னார், 7.32 மணிக்கு எழுதிவைத்துப் பேசியபோதோ, அது ஐயத்துக்குரியது என்று அரசு அறிந்திருந்ததாகவே கூறினார்.

முன்னது அரசு பொய் சொன்னது என்னும் குற்றச்சாட்டு. பின்னது அரசு எச்சரிக்கையாக இருக்கத் தவறியது என்னும் குறை. முதல் கூற்று தகவலாளரான ஆயுத வல்லுநர் டேவிட் கெல்லியுடையதன்று, தம் சொந்த முடிவே என்பதைக் கில்லிகன் பின்னர் ஹட்டன் பிரபுவின் விசாரணையில் ஒப்புக்கொண்டார். அதற்குள், ஜூலையில், கெல்லி இறந்துவிட்டிருந்தார்; அந்த இறப்பின் சூழலை ஆராயவே அவ்விசாரணை அமைக்கப்பட்டிருந்தது. ஆசிரியர்கள் பிரதியைப் பார்க்காமலே அந்த ஒலிபரப்பு அனுமதிக்கப்பட்டதை 2004 ஜனவரியில் வெளிவந்த ஹட்டன் அறிக்கை கண்டித்தது. பிபிசியின் தலைவரும் தலைமை இயக்குநரும், அவர்களைத் தொடர்ந்து கில்லிகனும் பதவி விலகினர். வேதனை என்னவெனில், அந்த 45 நிமிடக் கூற்று எந்த ஆயுதங்களைக் குறிக்கிறது என்று விளக்காமல் அதை ஆவணத்தில் சேர்த்திருக்கக் கூடாது என்று ஈராக் ஆயுதங்கள் பற்றிய உளவுத் தகவல்களை ஆராய்ந்த பட்லர் குழுவே அதே ஆண்டு ஜூலையில் கூறியது. அதாவது செய்தியின் அடிப்படையில் வலு இருந்தும், மெய்ப்பிக்க இயலாத ஒரு வாக்கியம் விவாதத்தை ஆவணத்தை விட்டு நிறுவனத்தின் மீது திருப்பிவிட்டது.

தமிழில் இத்தகைய பிரதியை எழுதுவோருக்குக் கூடுதலான ஒரு கவனமும் தேவை. 'என்று அவர் கூறினார்' என்பது வாக்கியத்தின் இறுதியில் வருமாயின், கேட்பவர் குற்றச்சாட்டை முழு உண்மையாக மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சொன்னவர் யாரென்று அறிகிறார். செய்தித்தாளைப் போல் திரும்பப் படிக்கவும் அவருக்கு வழியில்லை. ஆகவே சொன்னவரும் அவர் எந்தத் தரப்பினர் என்பதும் முதலில் வர வேண்டும். செய்தியாளரின் ஊகம் தனி வாக்கியமாக, ஊகமென்றே அறியும்படி நிற்க வேண்டும். எதிர்த்தரப்பின் மறுப்பு அடுத்த செய்தியறிக்கைக்குத் தள்ளப்படாமல் அதே பிரதிக்குள் இடம்பெற வேண்டும்.