நெல் காயும் வாரத்தில் மேகம் பார்ப்பது எப்படி?

புரட்டாசி மாதம் மன்னார்குடிப் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் குறுவை நெல் காய்வதைப் பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் நெல்லை எடுத்துக்கொள்வார்கள். ஒரு மழை நனைத்துவிட்டால் மறுபடியும் காய வைக்கவேண்டும். நனைந்த குவியல் முளைவிட்டாலோ உழைப்பெல்லாம் வீண். நீங்கள் விவசாயி வீட்டுப் பிள்ளையானால் அந்த வாரம் முழுவதும் வீட்டில் எந்தக் கேள்வி ஓடும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கைப்பேசியில் ஏழு நாளுக்கும் ஏழு மேகப் படம் தெரிகிறது. "திருவாரூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்கிறது அறிவிப்பு. அப்பா தார்ப்பாயை இழுத்து மூடுகிறார். ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் அறிவிப்பை நம்பாமல் திறந்து வைக்கிறார். நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கிறது. "இவர்கள் சொன்னது என்றைக்கு நடந்தது?" என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால், அந்த அறிவிப்பு என்னதான் சொன்னது?

வானிலைத் துறையில் "ஓரிரு இடங்கள்" என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரைதான் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். அதாவது, முக்கால் பங்கு இடங்கள் காய்ந்தே இருக்கலாம்! "பெரும்பாலான இடங்கள்" என்றால் முக்கால் பங்குக்கும் மேல். "கனமழை" என்பதும் பேச்சுவழக்கில் சொல்வதுபோல அல்ல. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால்தான் அந்தப் பெயர்.

சரி, எந்தத் தெருவில் பெய்யும் என்றே சொல்லிவிடக் கூடாதா? இங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி பல நூறு கிலோமீட்டர் அகலமுடையது. பல நாள் உயிரோடிருக்கும். அதன் வரவைச் சில நாள் முன்னதாகவே கணக்கிட முடிகிறது. தனி இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலமே உள்ளது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பிறந்து, பொழிந்து, கலைந்துவிடும். 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை நடைமுறைக்குக் கொண்டுவந்த கணிப்பு முறை நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் உங்கள் ஊர் மேகம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். இன்னும் பிறக்கவே பிறக்காத மேகத்தின் முகவரியை ஒரு வாரம் முன்பே கேட்டால் யார்தான் சொல்வார்கள்?

எனவே, வரும் வாரம் ஈரமானதா, வறண்டதா என்பதை அறிவிப்பிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். இன்று மாலை என்ன என்பதை வானத்திடம் கேளுங்கள்.

அதற்கு மேகங்களின் பெயர் தெரியவேண்டும். 1802-ஆம் ஆண்டு லூக் ஹோவர்ட் என்ற இலண்டன்காரர், மருந்து தயாரிப்பைத் தொழிலாகக் கொண்டவர், மேகங்களுக்கு இலத்தீன் பெயர்கள் சூட்டினார். நாம் கீற்று, திரள், படை என்கிறோம். இன்று பத்து வகைகள் உண்டு. நெல் காயவைப்பவருக்குப் பத்தும் தேவையில்லை.

மிக உயரத்தில், 6 கிலோமீட்டருக்கும் மேலே, வெண்ணிற இறகுபோலத் தெரிவது கீற்று மேகம். அது பனித்துகள்களால் ஆனது, மழை தராது. வானம் முழுவதும் சாம்பல் போர்வை போர்த்தி, சூரியன் இருக்குமிடமே தெரியாமல் மறைந்தால் அது கார்படை மேகம். சிறுசிறு தூறலாகத் தொடங்கி மணிக்கணக்கில் பெய்யும். தாழ்வுப் பகுதி நெருங்கும்போது இதனைப் பார்க்கலாம்.

நெல்லை ஏமாற்றி நனைப்பது திரள் மேகம்தான். காலை பத்து மணிக்குப் பஞ்சுப் பொதிபோல அங்கங்கே மிதக்கும், அழகாகத்தான் இருக்கும். காலை வானம் பளிச்சென்று இருந்ததை நம்பி மொட்டைமாடியில் வடகத்தை விட்டுவிட்டு நானே வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறேன். கல்லூரியில் வெப்ப இயற்பியல் நடத்துபவனுக்கு இது வேண்டியதுதான்! தெளிந்த வானத்தில் வெயில் தரையை நன்றாகச் சூடாக்கும், சூடான காற்று மேலெழும், விரிந்து குளிரும், அதிலுள்ள நீராவி துளிகளாகும். ஒரு கிலோகிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பமே மேகத்தை மேலும் மேலும் உயரத் தள்ளுகிறது.

ஆகையால் அகலத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். நண்பகலுக்குப் பிறகும் தட்டையாகவே இருந்தால் கவலையில்லை. அகலத்தைவிட உயரம் மிகுந்து, உச்சி காலிஃபிளவர் பூபோல மொட்டுவிட்டால் தார்ப்பாயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மொட்டுகளின் விளிம்பு மங்கி, நார்நாராகப் பிரிந்து, கொல்லன் பட்டடைபோல உச்சி பரந்தால், அங்கே பனித்துகள்கள் உண்டாகிவிட்டன என்று பொருள். அது கார்திரள் மேகம். புரட்டாசியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அப்போது நெல்லைக் குவித்து மூடத் தொடங்கிவிடவேண்டும். திடீரென்று குளிர்ந்த காற்று வீசினால் மழை பக்கத்தில் வந்தாயிற்று. இடி கேட்டாலோ நெல்லைவிட உயிர் பெரிது, வீட்டுக்குள் போய்விடுங்கள்.

திரள் மேகங்களின் அடிப்பாகம் மட்டும் வெட்டி வைத்தாற்போல ஒரே மட்டமாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த மட்டத்தின் உயரத்தை நீங்களே கணக்கிடலாம். எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, பள்ளி ஆய்வுக்கூடத்து வெப்பமானியை வைத்து, பனிக்கட்டியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. மூச்சுக்காற்று டம்ளரில் படக்கூடாது. நிழலில் காற்றின் வெப்பநிலை 34 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேலெழும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிர்கிறது; பனிநிலையோ 2 டிகிரி மட்டுமே இறங்குகிறது. ஆக, இரண்டுக்குமுள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி குறையும். 1 டிகிரிக்கு 125 மீட்டர். 10 டிகிரிக்கு 1,250 மீட்டர். அங்கேதான் மேகத்தின் அடித்தளம்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியபின் இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. அப்போது வரும் மேகங்கள் உங்கள் ஊர்த் தரையில் பிறந்தவையல்ல; கடலிலிருந்து வருபவை. நள்ளிரவிலும் கொட்டும். அந்த நாட்களில் மேற்கை விட்டுவிட்டுக் கிழக்கைப் பாருங்கள். நெல்லை இரவில் மூடாமல் விடாதீர்கள்.