பாக்டீரியா வளர்வதை மின்னோட்டம் சொல்லுமா?

காய்ச்சல் முற்றி, இரத்த அழுத்தம் சரிந்த நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியிடமிருந்து இரத்த மாதிரி எடுக்கப்படுகிறது. அதிலுள்ள பாக்டீரியாவை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சோதித்து முடிக்கப் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாட்கள் ஆகின்றன. நோயாளிக்கோ அந்த அவகாசம் இல்லை. செப்சிஸ் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கு உரிய மருந்து தருவதில் முதல் ஆறு மணி நேரத்தில் ஏற்படும் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்தது என்பதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மருத்துவர் ஊகத்தின் பேரில், பலவகைக் கிருமிகளையும் தாக்கும் வலுவான ஆன்டிபயாடிக்கைத் தொடங்குகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், இத்தகைய ஊகங்கள் பெருகப் பெருக மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகுகின்றன. இக்கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக 'லான்செட்' இதழ் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது.

தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், நாம் கண்ணை நம்பியிருப்பது. 1887-இல் ஜூலியஸ் பெட்ரி அறிமுகப்படுத்திய கண்ணாடித் தட்டு இன்றும் ஆய்வகங்களில் உண்டு. அதில் ஒற்றைச் செல் கண்ணுக்குத் தெரியாது. அது கோடிக்கணக்கில் பெருகிப் புள்ளியாகத் திரண்டால்தான் தெரியும். பெரிய மருத்துவமனைகளில், பாக்டீரியா வெளியிடும் கரியமில வாயுவைக் கொண்டு வளர்ச்சியை அறியும் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. அவை விலை மிகுந்தவை.

பாக்டீரியா வளரும்போது அது வாழும் திரவமும் மாறுகிறது. மின்னூட்டமற்ற சர்க்கரையை உண்டு, மின்னூட்டம் கொண்ட அமிலங்களை அது வெளியேற்றுகிறது. அதனால் திரவத்தின் மின்கடத்து திறன் உயர்கிறது. ஜி.என். ஸ்டூவர்ட் என்ற உடலியலாளர் 1899-லேயே இதை அளந்து எழுதிவிட்டார். ஆனால், அந்தச் சிறு மாற்றத்தை மலிவாகவும் நுட்பமாகவும் படிக்கும் பொருள் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

அந்த இடத்துக்குத்தான் கரிம மின்னணுவியல் இப்போது வந்திருக்கிறது. பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை 1977-இல் கண்டறிந்த ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா ஆகிய மூவரும் 2000-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வகைப் பாலிமர்களில் ஒன்றான 'பெடாட்', புகைப்படச் சுருள்களில் நிலைமின்சாரம் சேராமல் காக்கும் பூச்சாக முதலில் பயன்பட்டது. உலோகத்தைத் திரவத்தில் வைத்தால் அயனிகள் அதன் மேற்பரப்பில் மட்டுமே கூடும். இந்தப் பாலிமரிலோ, அவலில் நீர் ஊறுவதுபோல் உள்ளே முழுவதும் ஊறும். அயனிகள் நுழைய நுழைய, பாலிமர் வழியே ஓடும் மின்னோட்டம் குறைகிறது. வெளியே நிகழும் சிறு மாற்றம் இவ்வாறு பெரிய மாற்றமாகப் பதிவாகிறது. இப்படி உணரியாகவும் பெருக்கியாகவும் ஒருசேர இயங்கும் இந்த அமைப்புக்குக் கரிம மின்வேதி டிரான்சிஸ்டர் என்று பெயர். இதை மைபோல் அச்சிட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியவும் முடியும்.

இதன் உண்மையான பயன் மருந்துச் சோதனையில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். ஒரே மாதிரியைச் சில குழிகளில் பிரித்து, ஒன்றை மருந்தின்றி விட்டு, மற்றவற்றில் வெவ்வேறு ஆன்டிபயாடிக்குகளை இடலாம். மருந்தற்ற குழியில் மின்னோட்டம் மாறிக்கொண்டே போக, ஒரு குழியில் மட்டும் அது அசையாமல் நின்றால், அங்குள்ள மருந்து வேலை செய்கிறது என்று பொருள். கிருமியின் பெயர் தெரியாமலே இதை அறியலாம். உணரியால் பெயரைச் சொல்லவும் இயலாது.

அதற்காக எல்லாத் தாமதமும் நீங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தத் தொற்றில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவான பாக்டீரியாக்களே இருப்பது வழக்கம். நல்ல ஊட்டத்தில் ஈ.கோலை இரட்டிக்க 20 நிமிடங்கள் வேண்டும். பத்து, ஒரு கோடியாக ஏறத்தாழ ஏழு மணி நேரமாகும். அந்தக் கணக்கை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது. போதாக்குறைக்கு, இரத்தத்தின் உப்பே உணரியின் சமிக்ஞையை மூழ்கடிக்கும். பாலிமரும் திரவத்தில் ஊறி உப்பி, நேரம் செல்லச் செல்ல அதன் அளவீடு தானாகவே நகரும். மருந்தற்ற குழியோடு ஒப்பிடாமல் எந்த எண்ணையும் நம்ப இயலாது.

சிறுநீர்த் தொற்றின் கதை வேறு. அங்கு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். ஏழு இரட்டிப்பிலேயே ஒரு கோடியைத் தாண்டிவிடும். அதே 20 நிமிடக் கணக்கில் இரண்டரை மணி நேரம் கூட ஆகாது. ஆன்டிபயாடிக் சீட்டு அதிகம் எழுதப்படும் நோய்களில் இதுவும் ஒன்று. எனவே, இந்த உணரிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகுமுன், நுண்ணுயிரியல் ஆய்வகம் இல்லாத சிற்றூர் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் சோதிக்கப்பட வேண்டும். ஒரே நோயாளியின் மாதிரியைப் பழைய தட்டிலும் புதிய உணரியிலும் ஒருசேர இட்டு, இரண்டும் எத்தனை முறை ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதை வெளிப்படையாக வெளியிட வேண்டும். முரண்பட்டவற்றில், வேலை செய்யாத மருந்தை 'வேலை செய்கிறது' என்று உணரி சொன்ன தருணங்களைத் தனியே எண்ணியாக வேண்டும்.