ஓட்டுநர் இருக்கையும் ஒரு முதலீடே

நள்ளிரவில் நாசிக்கில் காய்கறி ஏற்றிப் புறப்படும் பிக்கப் வண்டி, கசாரா மலைப்பாதையில் இறங்கி, விடிவதற்கு முன் நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தையை அடைந்தாக வேண்டும். சரக்கை இறக்கிய பின், பல நாள்களில் அது காலியாகவே திரும்புகிறது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் உரிமையாளரே ஓட்டுநருமாவார். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய நாளை அவர் மறப்பதில்லை. டயரின் தேய்மானத்தையும் தவறாமல் கவனிக்கிறார். ஆனால், நாள்தோறும் பல மணி நேரம் தம்மைத் தாங்கும் இருக்கையை அவர் பொருட்படுத்துவதில்லை. கடன் தவணைகள் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் உழைக்கவல்ல வண்டியை, ஓட்டுபவரின் முதுகுவலி வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். ஆகவே, பழைய பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையைக் குறைந்த செலவில் எவ்வாறு சீர்செய்யலாம் என்பதை இங்கே காண்போம்.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது?

பிக்கப் வண்டியின் பின்பகுதியைத் தாங்குபவை பெரும்பாலும் கமான் பட்டைகளே. முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருப்பதால் அவை விறைப்பாக அமைக்கப்படுகின்றன. சுமை இருக்கும்போது அவை வளைந்து கொடுக்கின்றன. வண்டி காலியாக ஓடும்போது போதிய அளவு வளைவதில்லை. அதனால் சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சி சேஸின் வழியாகக் கேபினை அடைகிறது.

அமர்ந்திருக்கும் மனித உடல், மேலும் கீழுமாக விநாடிக்குச் சுமார் 4 முதல் 8 முறை நிகழும் அதிர்வினால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. அந்த வேகத்தில் உடலின் நடுப்பகுதியும் அதிர்வோடு சேர்ந்து ஆடத் தொடங்குவதே காரணம். முதுகெலும்பின் வட்டுகள் மீண்டும் மீண்டும் அழுத்தப்படுகின்றன. முதுகுத் தசைகள் ஓய்வின்றி இறுகிக் களைக்கின்றன. முழு உடல் அதிர்வை அளவிடுவதற்கான ஐஎஸ்ஓ 2631 என்னும் பன்னாட்டுத் தரநிலையும் இந்த எல்லையில் நிகழும் அதிர்வுக்கே கூடுதல் முக்கியத்துவம் அளிக்கிறது.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். மெத்தென்ற இருக்கை எல்லாம் நல்ல இருக்கை அன்று. மிக மென்மையான நுரைமெத்தை, மேற்கூறிய எல்லையில் அதிர்வைத் தணிப்பதற்கு மாறாகப் பெருக்கவும் கூடும். பெரிய பள்ளத்தில் அது முழுவதும் அமுங்கி, உடலை அடித்தகட்டின் மீதே மோதவிடும். கடையில் ஒரு திண்டு வாங்கிப் பழைய இருக்கையின் மேல் போட்டுக்கொள்வது பலருக்கும் நிலையான பயன் தராததற்கு இதுவே காரணம். மேலும், திண்டு உடலை உயர்த்துவதால் இருக்கைப் பட்டை இடுப்பெலும்பின் மீது சரியாகப் படியாமல் போகலாம். தலைதாங்கியும் உரிய உயரத்தைவிடத் தாழ்ந்துவிடும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

முதலில் அமரும் முறையைச் சரிபார்ப்போம். பல பழைய வண்டிகளில் இருக்கையின் கீழுள்ள தண்டவாளம் துருவேறி ஒரே இடத்தில் இறுகியிருக்கும். அதனைத் துடைத்து கிரீஸ் இட்டால் இருக்கை மீண்டும் முன்னும் பின்னும் நகரும். நிறுத்தும் கொண்டி உறுதியாகப் பற்றுகிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். கிளட்சை முழுவதும் அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்குமாறு இருக்கையை நிறுத்த வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருப்பது நல்லது. முதுகுப் பலகை சாயும் வகையினதாயின், அதனை ஏறத்தாழ 100 முதல் 110 பாகை வரை வைக்கலாம். தோள்கள் பலகையில் படிந்திருக்கையில் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேற்புறத்தைத் தொடுமானால் தூரம் சரியாக உள்ளது என்று கொள்ளலாம்.

அடுத்தது, இடுப்புக்குத் தாங்கல். பழைய வண்டிகளின் தட்டையான முதுகுப் பலகை, கீழ்முதுகின் இயல்பான வளைவை நிரப்புவதில்லை. ஒரு துண்டினைச் சுருட்டி இடுப்புவார் உயரத்தில் வைத்துச் சில நாள்கள் ஓட்டிப் பார்க்கலாம். அது இதமளித்தால், பின்னர் அதே அளவில் நுரையை வெட்டிப் பலகையோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். கால்சட்டையின் பின்பையில் பணப்பையை வைத்தபடி ஓட்டும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அது இடுப்பை ஒருபுறம் உயர்த்தி முதுகைக் கோணலாக்கும்.

நுரைமெத்தையை மாற்றுதல்

இருக்கையின் நடுவில் முட்டியால் அழுத்திப் பார்ப்போம். அடித்தகடோ கம்பியோ கையில் தட்டுப்பட்டால் நுரையின் ஆயுள் முடிந்துவிட்டது. குஷன் வேலை செய்பவரிடம் கொடுக்கும்போது, உறையைக் கழற்றி அடியிலுள்ள வளைகம்பிகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கம்பி அறுந்திருக்கையில் நுரையை மட்டும் மாற்றினால், புதிய நுரையும் விரைவில் பள்ளமாகிவிடும்.

நுரை வாங்கும்போது அடர்த்தியும் கடினத்தன்மையும் வெவ்வேறு பண்புகள் என்பதை அறிந்திருக்க வேண்டும். அடர்த்தி மிகுந்த நுரை நீண்ட நாள் வடிவம் குலையாதிருக்கும். கடினத்தன்மையோ அது எவ்வளவு அமுங்கும் என்பதைக் குறிக்கிறது. கன மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியைக் கேட்டு வாங்குவது பொருத்தம். கீழே கடினமான அடுக்கும், மேலே ஓரங்குல அளவில் சற்று மென்மையான அடுக்கும் அமைப்பது பயனுள்ள முறையாகும். பழைய இருக்கை புதிதாக இருந்தபோது எவ்வளவு உயரம் இருந்ததோ, மொத்த உயரம் அதைத் தாண்டக் கூடாது. அமுங்காத ஓரப்பகுதியை அளந்தால் அந்த உயரம் தெரிந்துவிடும். உறைக்கு முழு ரெக்சினைவிடத் துணியோ, துளையிட்ட ரெக்சினோ வெயில் காலத்தில் வியர்வை தேங்காமல் காக்கும்.

இருக்கைக்குக் கீழேயும் பார்ப்போம்

இருக்கையைச் சீர்செய்த பின்னும் குலுக்கல் குறையவில்லையெனில் காரணம் வேறிடத்தில் இருக்கலாம். எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர், தேய்ந்த கமான் புஷ், இறுகிப்போன கேபின் ரப்பர் ஆகிய மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். டயரில் அளவுக்கு மீறிக் காற்று அடைத்தாலும் வண்டி துள்ளும். தயாரிப்பாளர் குறித்துள்ள அளவையே பின்பற்ற வேண்டும். கூடுதல் சுமை ஏற்றுவதற்காகச் சிலர் கமானில் மேலும் ஒரு பட்டையைச் சேர்க்கின்றனர். அவ்வாறு சேர்த்தால், காலியாகத் திரும்பும் ஒவ்வொரு பயணமும் ஓட்டுநரின் முதுகுக்குத் தண்டனையாகிவிடும்.

இருக்கையையே மாற்றுவதானால்

வேறு வண்டியின் இருக்கையைப் பொருத்துவது எளிதாகத் தோன்றலாம். ஆனால், இருக்கையைப் பற்றும் போல்ட்டுகளும் இருக்கைப் பட்டையின் பிணைப்பும் விபத்தில் உயிர் காப்பவை. அவற்றின் இடத்தை மாற்றி வெல்டிங் செய்வது ஆபத்தானது. தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வேறுபடும் மாற்றங்களுக்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இல் வரம்பு விதித்துள்ளது. அதே மாடலுக்குரிய இருக்கையைத் தேர்வதே பாதுகாப்பான வழி. வண்டியின் மீது கடன் நிலுவையில் இருந்தால், எந்தப் பெரிய மாற்றத்துக்கும் முன் வங்கிக் கிளையையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கலந்துகொள்வது நன்று.

ஓய்வும் ஒரு பராமரிப்பே

எத்தகைய இருக்கையும் இடைவிடாத ஓட்டத்தை ஈடுசெய்யாது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் வகுத்தது. தமக்குத் தாமே முதலாளியாக இருப்பவரும் இந்த நெறியைத் தமக்கு விதித்துக்கொள்ளலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் வண்டியை நிறுத்தியவுடன் மூட்டை தூக்காமல், சிறிது நேரம் நடந்துவிட்டுத் தூக்குவது முதுகைக் காக்கும். வலி காலுக்குப் பரவினாலோ மரத்துப்போனாலோ மருத்துவரை அணுகுவதில் தாமதம் கூடாது.

வண்டியின் வருமானத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்துவந்தால், நுரையும் புஷ்ஷும் மாற்றும் செலவு சுமையாகத் தோன்றாது. டயருக்கும் ஆயிலுக்கும் ஒதுக்குவதுபோல் இருக்கைக்கும் பராமரிப்புக் கணக்கில் ஓரிடம் தருவோம். வண்டியின் மற்ற பாகங்களைக் கடையில் வாங்கி மாற்றிவிடலாம். ஓட்டுபவரின் முதுகெலும்பை அவ்வாறு மாற்ற இயலாது.