நெருப்பில் நிறம் பெறும் நீலம்

நீலமும் மாணிக்கமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் குருந்தம் என்னும் கனிப்பொருளின் வகைகளே. ஆங்கிலத்தார் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து சென்றது என்பது ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத்தக்க செய்தியாகும். அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து அமைவது குருந்தம். தூய நிலையில் அதற்கு நிறமே இல்லை. அதில் குரோமியம் சிறிதளவு கலந்தால் மாணிக்கச் சிவப்பு தோன்றும். இரும்பும் டைட்டானியமும் இணைந்து கலந்தால் நீலம் பிறக்கும்.

இலங்கையில் இரத்தினபுரியைச் சுற்றியுள்ள சரளைப் படுகைகளில் நீலக்கற்களோடு பால் படர்ந்தாற்போல மங்கிய கற்களும் கிடைக்கும். 'கெவுடா' என்பது அவற்றின் பெயர். நிறமும் இல்லை, தெளிவும் இல்லை என்று நெடுங்காலம் அவற்றை மதிப்பார் இல்லை. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று உலையில் இட்டனர். கண்கவர் நீலமணிகளாக வெளியே எடுத்தனர். தோண்டி எடுத்தவனுக்குக் கிடைத்தது சில்லறை. சூடேற்றும் நுட்பம் அறிந்தவனுக்கோ பெருஞ்செல்வம். இலங்கையர் இக்கலையைக் கற்றுக்கொண்டது பின்னரே.

உலையில் நிகழ்வது யாது? கெவுடாவின் பால்மங்கலுக்குக் காரணம் உரூட்டைல் என்னும் பொருளின் மிக நுண்ணிய ஊசிகள். அவை டைட்டானியமும் பிராணவாயுவும் சேர்ந்தவை. நீல நிறத்திற்கு வேண்டிய டைட்டானியம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பெட்டியில் பூட்டிய பணம்போலப் பயன்படாமல் கிடக்கிறது. செண்டிகிரேடு அளவில் 1,600 பாகைக்கு மேல் சூடேற்றும்போது அவ்வூசிகள் குருந்தத்தினுள் கரைந்துவிடுகின்றன. உடனே மங்கல் நீங்கித் தெளிவு வருகிறது. விடுபட்ட டைட்டானியம் இரும்போடு இணையும்போது நீலம் வருகிறது. இதற்கு உலையில் பிராணவாயு குறைந்திருக்க வேண்டும். மிகுந்திருந்தால் நீலம் வெளுத்துப்போகும். மட்டுமீறிக் கறுத்த நீலக்கல்லின் நிறத்தைச் சற்றுத் தணிக்க விரும்புவோர் அதையே வழியாகக் கொள்வதும் உண்டு.

ஆறவிடுவதிலும் திறமை வேண்டும். மிக மெதுவாக ஆறினால் ஊசிகள் மீண்டும் முளைத்துவிடும். உள்ளே விரிசலோ நீர்க்குமிழியோ இருந்தால் கல் வெடிக்கும். ஆகவே குறையுள்ள பகுதிகளை முன்னரே சீவி நீக்கிவிடுவர்.

மணியைச் சுடும் வழக்கம் புதியதன்று. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி மாணிக்கத்தைச் சூடேற்றுவது பற்றி எழுதியிருக்கிறார். கரித்தணலை ஊதுகுழலால் ஊதிச் செய்யும் பழைய முறையால் மாணிக்கத்தில் கலந்த நீலச்சாயலைப் போக்க முடிந்தது. உரூட்டைலைக் கரைக்கும் வெப்பம் அதற்கு எட்டவில்லை.

சுட்ட கல் போலியா? அன்று. அதுவும் குருந்தமே, அதன் நிறமும் நிலைத்து நிற்கும். எனினும் சுடாமலே நல்ல நிறமுடைய கல் அரிதாதலால், அதன் விலை மிக உயர்ந்தது. எனவே, சுட்டதைச் சுட்டது என்று சொல்லி விற்பதே முறை. வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால், உயர்வெப்பம் கண்ட கல்லில் ஊசிகள் புள்ளிகளாகச் சிதைந்திருக்கும். அவை முறியாமல் நீண்டிருந்தால் அத்தகைய வெப்பம் படவில்லை எனலாம்.

வெளியிலிருந்து நிறப்பொருளை ஊட்டிச் சுடுவது வேறு கதை. டைட்டானியத்தைப் புறத்தே பூசிச் சுட்டால் நீலம் மேல்தோலளவே நிற்கும். மறுபடி பட்டை தீட்டினால் போய்விடும். 2001-ஆம் ஆண்டையொட்டித் தாய்லாந்திலிருந்து செம்மஞ்சள் கற்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தபோது வணிகர்களே ஏமாந்தனர். அவற்றில் பெரிலியம் ஊட்டப்பட்டிருப்பதை 2002-இல் ஆய்வுக்கூடங்கள் வெளிப்படுத்தின. பெரிலியம் மிக இலேசான தனிமம். கல்லின் உள்வரை ஊடுருவும். அதனைக் கண்டறிய உருப்பெருக்கி போதாது. நுண்ணளவு தனிமங்களை அளக்கும் கருவிகள் உள்ள ஆய்வுக்கூடத்திற்கே கல்லை அனுப்ப வேண்டும்.